மலையேறும் குருசாமிகளுக்கு, வண்டிப்பெரியாறிலிருந்து ஒரு மடல்

தேனி, கம்பம், மதுரை, ராமநாதபுரம், இன்னும் தூரத்து ஊர்களிலிருந்தெல்லாம் குமுளி வழியாக வந்து, சத்திரம் என்கிற ஊரில் இறங்கி, புல்மேடு பாதையில் சபரிமலைக்கு நடந்து போகும் குழுக்களின் குருசாமிகளுக்கு,

சாமி சரணம்.

நான் வண்டிப்பெரியாறில் ஹரித கர்ம சேனாவில் வேலை செய்கிறவள். வீடு வீடாக, கடை கடையாகப் போய் பிளாஸ்டிக்கை வாங்கித் தரம் பிரித்து அனுப்புவதற்காகக் கேரளத்தில் பஞ்சாயத்துதோறும் இருக்கும் பெண்கள் குழு அது. பச்சைக் கோட்டும் கையுறையும் போட்டுக்கொண்டு ரோட்டோரம் குனிந்து எதையோ பொறுக்கும் பெண்களை உங்கள் வேன் ஜன்னலிலிருந்து பார்த்திருப்பீர்கள். அவர்களில் ஒருத்தி. தாத்தா காலத்தில் தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்த குடும்பம் எங்களுடையது. வீட்டில் பேசுவது தமிழ், ரேஷன் கார்டில் இருப்பது மலையாளம்.

கார்த்திகை பிறந்தது எங்களுக்குச் சரண கோஷத்தில் தெரியும். அப்புறம் சாக்கின் கனத்தில் தெரியும்.

சாக்கைத் தரம் பிரிக்கிற இடத்தில் கொட்டினால், யார் வந்து போனார்கள் என்று நான் சொல்லிவிடுவேன். சுற்றுலாக்காரர்கள் குப்பை என்றால் சிப்ஸ் கவரும் பீர் பாட்டிலும். உங்கள் குப்பை மணக்கும். கற்பூரக் கவர், பத்தி பாக்கெட், காலிப் பன்னீர் பாட்டில், மஞ்சள்பொடி சாஷே, விபூதிப் பொட்டலம், அதோடு முடிச்சுப் போட்ட கேரி பேக்கில் பாதி தின்ற தயிர்சாதம். தண்ணீர் பாட்டிலையாவது எடைக்குப் போடலாம். பளபளவென்று உள்ளே வெள்ளித்தாள் ஒட்டிய கற்பூரக் கவரையும் சாஷேயையும் எந்தப் பழைய சாமான் கடைக்காரரும் தொடமாட்டார். தயிர்சாதம் கொட்டிப் புளித்துப்போனது எதுவாக இருந்தாலும் அதோடு கதை முடிந்தது. கழுவிக் காயவைத்தால்தான் எடுப்பார்கள். ரோட்டோரத்தில் பொறுக்கியதை நான் எந்தக் குழாயில் கழுவுவது?

இரண்டு வருடம் முன்னால், மார்கழியில், சத்திரத்துக்குப் போகும் ரோட்டில் தேயிலைச் சரிவை ஒட்டி ஒரு வேன் நின்று சாப்பிட்டுப் போயிருந்தது. இலை, தட்டு, டம்ளர் எல்லாம் அப்படியே கிடந்தன. ஒரு கற்பூரக் கவரை எடுத்து அமுக்கினேன். சுருக்கென்றது. கையுறையைக் கழற்றினால் ஆள்காட்டி விரலில் ஒரு சிவப்புப் பொட்டு. கவருக்குள்ளே இன்சுலின் ஊசி. சர்க்கரைக்காரச் சாமி யாரோ, சாப்பாட்டுக்கு முன் ஊசி போட்டுக்கொண்டு, யாருக்கும் குத்தக்கூடாது என்று நினைத்துத்தான் கவருக்குள் சுருட்டி வைத்திருக்கிறார். நல்ல எண்ணம்தான். எனக்கு மூன்று மாதம் ரத்தப் பரிசோதனை. ஒவ்வொரு முறையும் ரிசல்ட் வரும்வரை வீட்டில் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. கடைசியில் ஒன்றுமில்லை என்று சொன்னார்கள். அந்தச் சாமியின் மேல் இன்றைக்குக் கோபம் இல்லை. ஆனால் அன்றைக்கு இருந்தது, அதை மறைக்கவும் மாட்டேன்.

இதையெல்லாம் பஞ்சாயத்துக்கும் வனத்துறைக்கும் கோயிலை நடத்தும் தேவஸ்வம் போர்டுக்கும் எழுதாமல் உங்களுக்கு ஏன் எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். அவர்களுக்கும் எழுதியாகிவிட்டது. தடை எல்லாம் ஏற்கெனவே இருக்கிறது. மலையில் பிளாஸ்டிக் கூடாது, பம்பை ஆற்றில் துணி போடக்கூடாது என்று கேரள உயர் நீதிமன்றம் பல தடவை சொல்லிவிட்டது. போலீஸ் அதிகாரி பி. விஜயன் 2011-ல் தொடங்கிய புண்ணியம் பூங்காவனம் திட்டத்தில் போலீஸ்காரர்களும் சாமிமார்களும் சேர்ந்தே கூட்டிப் பெருக்கினார்கள். அறிவிப்புப் பலகையும் எல்லா மொழியிலும் வைத்திருக்கிறார்கள். பலகையைப் படித்து யார் சாமி திருந்தினார்கள்?

நீங்கள் சொன்னால் கேட்பார்கள். ஊரில் அப்பா சொல்லியும் ஏழு மணிக்கு எழுந்திருக்காத பையன், நீங்கள் மாலை போட்டுவிட்ட மறுநாளிலிருந்து நாலு மணிக்குப் பச்சைத் தண்ணீரில் குளிக்கிறான். செருப்பு இல்லை, சவரம் இல்லை, மெத்தை இல்லை. நாற்பத்தொரு நாள் வாயைக் கட்டுகிறான். உங்கள் ஒரு பார்வைக்கு இவ்வளவு பலம் இருக்கும்போது, 'கவரைக் கீழே போடாதே' என்பதை மட்டும் ஏன் போலீஸ்காரர் வாயிலிருந்து வரவிடுகிறீர்கள்?

முதலில் கட்டு நிறைக்கும் அன்றையிலிருந்து தொடங்குவோம்.

இப்போது பூஜைச் சாமான் கடைகளில் 'இருமுடி செட்' என்று ஒன்று விற்கிறார்கள். எல்லாம் தனித்தனிப் பிளாஸ்டிக் பாக்கெட்டில், மொத்தமும் இன்னொரு பிளாஸ்டிக் உறையில். வசதிதான். ஆனால் அந்த ஒரு செட்டைப் பிரித்தால் எத்தனை கவர் வரும் என்று ஒரு தடவை உங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள். அதை உங்கள் குழுவின் ஆள் எண்ணிக்கையால் பெருக்குங்கள். 2024-ல் சபரிமலையின் தலைமைப் பூசாரியான தந்திரியே தேவஸ்வம் போர்டுக்கு எழுதினார்: கற்பூரம், பத்தி, பன்னீர் இருமுடியில் வேண்டாம் என்று. சன்னிதானத்தில் அவற்றைப் பயன்படுத்துவதில்லை. பெரும்பாலும் குப்பையாகத்தான் போகிறது. முன்முடிக்கு நெய்த்தேங்காய், பச்சரிசி, வெல்லம், பழம், வெற்றிலை பாக்கு, காணிக்கை. பின்முடிக்குக் கொஞ்சம் அரிசி. இதில் எதற்கு சாஷே வேண்டும்? மஞ்சள்பொடியைத் தாளில் மடித்தால் மஞ்சள்பொடி கோபித்துக்கொள்ளுமா?

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது எங்கள் தோட்டத்து லய வீடுகளுக்கு முன்னால் நடந்து போன குழுக்கள் ஞாபகம் இருக்கிறது. மூன்று கல் கூட்டி, சுள்ளி பொறுக்கி, பித்தளைக் குண்டானில் கஞ்சி வைப்பார்கள். போன பிறகு கறுத்த மூன்று கல்லும் ஈரச் சாம்பலும்தான் கிடக்கும். அதற்காக அந்தக் காலத்தில் எல்லோரும் உத்தமர்கள் என்று சொல்ல வரவில்லை. அன்றைக்குக் கீழே போட அவர்களிடம் ஒன்றும் இல்லை, ஆளும் குறைவு. அவ்வளவுதான்.

நானும் மலைக்குப் போனவள்தான். ஐம்பது தாண்டிய பிறகு, மாளிகைப்புறமாக (மலையேறும் பெண்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள்), எங்கள் தெருக் குழுவோடு இதே சத்திரம் பாதையில் போனேன். சன்னிதானத்துக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர். காலையில்தான் விடுவார்கள், மதியம் தாண்டினால் வனத்துறை கேட்டை மூடிவிடும். சீதக்குளம் தாண்டியதும் காடு விலகிப் புல்வெளி விரியும். மேகம் காலுக்குக் கீழே போகும். அந்த இடத்தில் சரணம் சொல்ல வாய் வரவில்லை, சும்மா நின்றேன். அப்புறம் கீழே பார்த்தேன், தொழில் பழக்கம். பாதை ஓரத்தில் யானைச் சாணம், காய்ந்து உதிர்ந்து கிடந்தது. நாருக்கு நடுவில் ஏதோ மினுங்கியது. குச்சியால் கிளறினேன். கற்பூரக் கவர், எழுத்துகூட அழியவில்லை. யானை வயிற்றுக்குள் போய்வந்தும் கடைப் பெயரைப் படிக்க முடிந்தது.

யானைக்கு உப்பும் வெல்லமும் சோறும் எங்கே இருக்கிறதென்று மூக்கு சொல்லிவிடும். சோறு ஒட்டிய கவர் அதற்குச் சோறுதான். இது 925 சதுர கிலோமீட்டர் பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் இருக்கும் பாதை. நம்மை நடக்க விட்டிருக்கிறார்கள், அவ்வளவே. சோற்று வாசனையைப் பாதையோரம் விட்டுப் போனால், நாளைக்கு அதே நேரத்துக்கு அதே இடத்துக்கு யானை வரும். நாளைக்கு வரும் குழுவும் அதே நேரத்துக்குத்தான் வரும்.

அப்புறம் கால். வெறுங்காலில் வருகிறோம். கல்லும் முள்ளும் காலுக்கு மெத்தை என்று கோஷம் போடுகிறோம், சரி. உடைந்த பாட்டில் எந்தக் கணக்கில் வரும் சாமி?

இனி, யாரும் வாய்விட்டுப் பேசாத விஷயம். நான் பேசுகிறேன், எனக்கு இதில் கூச்சம் போய் வெகுநாளாயிற்று.

வேனில் ராத்திரி முழுக்க வந்து, விடிகாலை சத்திரத்தில் இறங்கி, டீ குடித்து, உடனே நடக்கத் தொடங்கினால் வயிறு எங்கே கேட்கும்? முதல் ஏற்றத்தில் கேட்கும். அப்போது பாதையை விட்டு நாலு அடி தள்ளி, ஒரு புதர் மறைவு. இருபது பேர் கண்ட அதே புதர்தான் உங்கள் கண்ணிலும் படும். மழை வந்தால் அது அங்கே இருக்காது, ஓடைக்கு வந்துவிடும். கார்த்திகை மழை உங்களுக்குத் தெரியாததல்ல. கீழே அதே ஓடையில் முதல் தடவை மலைக்கு வந்த ஒரு கன்னிசாமி குனிந்து வாய் கொப்பளிப்பான்.

உலகத்தில் நெடுந்தூர நடைபாதைகளில் போகிறவர்களுக்கு இதற்கென்று ஒரு முறை இருக்கிறது. தண்ணீரிலிருந்தும் பாதையிலிருந்தும் எழுபது தப்படி, அதாவது இருநூறு அடி தள்ளிப் போ, ஒரு சாண் ஆழத்துக்குக் குழி வெட்டு, முடிந்ததும் மண்ணைத் தள்ளி மூடு, துடைத்த தாளைக் கையோடு எடுத்து வா என்பார்கள். நல்ல முறைதான். எங்கள் பக்கத்தில் யாராவது அதை அப்படியே உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தால் தயவுசெய்து கேட்காதீர்கள். இந்தக் காட்டில் எழுபது தப்படி உள்ளே போனால் யானைக்கூட்டத்துக்கு நடுவில் குத்தவைக்க வேண்டியிருக்கும். பாதையை விட்டு விலகாதே என்று வனக்காவலர் கத்துவது அதனால்தான்.

ஆக இங்கே ஒரே வழி, புறப்படுவதற்கு முன்னாலேயே முடித்துக்கொள்வது. அதற்கு நேரம் கொடுக்க வேண்டியது குருசாமி. சத்திரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாக வந்து சேருங்கள். கழிப்பறை வரிசையில் எல்லோரும் நின்று வரட்டும். கடைசி ஆள் வந்த பிறகு சரணம் சொல்லி அடி எடுத்து வையுங்கள். வயசானவர்களையும் மாளிகைப்புறங்களையும் நீங்களாகவே கேளுங்கள், அவர்கள் வாய் திறந்து சொல்லமாட்டார்கள். எங்கள் குழுவில் ஒரு பாட்டி, வழியில் ஒதுங்க நேருமோ என்று பயந்து, காலையிலிருந்து சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் வந்து, கழுதக்குழிப் பக்கம் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். வழியில் குடிதண்ணீர் வைத்திருக்கும் இடங்கள் உண்டு. சன்னிதானத்தில் பதிமுகமும் சுக்கும் போட்ட சிவப்புத் தண்ணீரை இலவசமாக ஊற்றுகிறார்கள். தண்ணீருக்குப் பயப்பட வேண்டியதில்லை. ஒதுங்க இடமில்லாததற்குத்தான் பாட்டி பயந்தார்.

கழிப்பறை போதாது என்பீர்கள். போதாதுதான். மகரவிளக்கு நெருங்கும்போது இருப்பவை நாறுவதும் உண்மைதான். அதைக் கட்டிப் பராமரிக்க வேண்டியவர்களிடம் நாங்களும் சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். வண்டிப்பெரியாறு, குமுளிக் கடைக்காரர்கள் தடை செய்த கேரி பேக்கை மேசைக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுப்பதும் எனக்குத் தெரியும். எங்கள் ஊரையும் நான் விடுவதாக இல்லை, அவர்களுக்கு வேறு மடல்.

கை கழுவுவது பற்றி ஒரு வரி. பாக்கெட்டில் ஜெல் வைத்திருக்கிறேன் என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். வயிற்றுப்போக்கு உண்டாக்கும் சில வைரஸ்களை அது சரியாகக் கொல்லாது. சோப்பும் தண்ணீரும்தான். குழுவுக்குச் சமைக்கிற சாமி, சுண்டல் அள்ளிக் கொடுக்கிற சாமி, இவர்கள் கையை மட்டுமாவது நீங்கள் நின்று பாருங்கள். சோப்பு நுரையை ஓடையில் அலசாமல் சொம்பில் மொண்டு தள்ளி வந்து ஊற்றச் சொல்லுங்கள்.

வெட் டிஷ்யூவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அது தாள் இல்லை. பெரும்பாலும் பிளாஸ்டிக் நார்தான். போன வருடம் போட்டதை இந்த வருடம் அதே புதரிலிருந்து நான் எடுத்தேன், துவைத்தால் மறுபடியும் பயன்படுத்தலாம் போல இருந்தது.

பம்பைக்கு வருவோம். மாலை கழற்றும்போது உடுத்திய கறுப்பு வேட்டியை ஆற்றில் விட வேண்டும் என்று யார் சாமி கிளப்பிவிட்டது? சபரிமலையில் அப்படி ஒரு சடங்கே கிடையாது என்று தந்திரிமார்களும் தேவஸ்வம் போர்டும் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார்கள். ஆனாலும் நம் ஆட்களும் ஆந்திரக்காரர்களும் விடுகிறார்கள். அறிவிப்புப் பலகையில் தமிழிலும் தெலுங்கிலும் பெரிதாக எழுதி வைத்திருப்பது எதற்கென்று நினைக்கிறீர்கள்? அதைப் படிக்கும்போது எனக்கு முகம் சுருங்கிப் போகும். அந்தத் துணியை ஆற்றிலிருந்து இழுத்துப் போடுகிறவர்கள் விசுத்தி சேனா என்கிற துப்புரவுக் குழுவின் ஆட்கள். பெரும்பாலும் எல்லோரும் தமிழ்நாட்டிலிருந்து சீசனுக்கு வந்து தங்கி வேலை செய்கிறவர்கள். நான் போனபோது ஒருவர் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கம்பில் கொக்கி மாட்டி இழுத்துக்கொண்டிருந்தார். நனைந்த வேட்டி என்ன கனம் கனக்கும் தெரியுமா? கரையில் போட்டுவிட்டுத் திரும்புவதற்குள் அவருக்கு மேலே நின்ற ஒருவர், பயபக்தியோடு கண்ணை மூடி, அடுத்ததை விட்டார். இவர் ஒன்றும் சொல்லவில்லை. "சாமி சரணம்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கொக்கியைத் திருப்பினார்.

குளிக்கிற தண்ணீரில் மலக்கிருமி 100 மில்லிக்கு 2500-க்கு மேல் போகக்கூடாது என்று நாட்டில் ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். சீசனில் பம்பை அதைப் பல தடவை தாண்டியிருக்கிறது. அந்தத் தண்ணீர் அங்கேயே நிற்பதில்லை. ராந்நி, ஆரன்முளை, செங்ஙன்னூர் என்று போய்க் குட்டநாட்டு வயலுக்குள் இறங்குகிறது.

இதைக் கம்பம் பள்ளத்தாக்குக்காரர்களுக்கு நான் விளக்கவே வேண்டியதில்லை. 1895-ல் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி முடித்த பென்னிகுயிக்குக்கு, அவர் பிறந்த ஜனவரி 15-ஆம் தேதி இன்றைக்கும் பொங்கல் வைக்கிறவர்கள் நீங்கள். பிள்ளைக்கு அவர் பெயர் வைக்கிறீர்கள். ஒரு மலையிலிருந்து தண்ணீர் வந்தால் கீழே இருக்கிறவன் வாழ்க்கை எப்படி மாறும் என்று உங்களுக்குத் தெரிந்ததுபோல யாருக்கும் தெரியாது. மகரவிளக்கு அதற்கு முந்தின நாளோ அதே நாளோ வரும். ஒரு பக்கம் தண்ணீருக்குப் பொங்கல், இன்னொரு பக்கம் தண்ணீரில் பழைய வேட்டி.

அணைக்கு மேலே தேங்குகிற தண்ணீர் சுரங்கம் வழியாக உங்களுக்கு வருகிறது. அணைக்குக் கீழே வண்டிப்பெரியாறுக்குள் ஓடுகிற ஆற்றின் கரையில் நாங்கள் இருக்கிறோம். பம்பையோ உங்கள் பக்கம் வருவதே இல்லை. அதனால்தான் சில பேருக்கு அது யாரோ ஒருவருடைய ஆறாகத் தெரிகிறதோ என்னவோ.

சரி, குறை சொன்னது போதும். ஒரு குழுவைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன்.

போன வருடம் சத்திரம் ரோட்டில் உத்தமபாளையம் பக்கத்துக் குழு ஒன்று காலை உணவுக்கு நின்றது. குருசாமிக்கு எழுபது இருக்கும். பதினெட்டாம் வருட மலைக்குக் கொண்டுபோகிற தென்னங்கன்றை அவர் வைத்து வெகுகாலம் ஆகியிருக்கும். ஆளுக்கொரு பிஸ்கெட் பாக்கெட் கொடுத்தார். தின்று முடித்ததும் ஒரு பழைய அரிசிச் சாக்கை விரித்துக்கொண்டு நின்றார். "இருபத்திரெண்டு குடுத்தேன், இருபத்திரெண்டு வரணும்." ஒவ்வொருவராக வந்து போட்டார்கள். எண்ணினார். இருபத்தொன்று. ஒன்றும் பேசவில்லை. சாக்கைக் கீழே வைத்துவிட்டுச் சாவகாசமாக வெற்றிலை மடிக்க ஆரம்பித்தார். வேன் டிரைவர் ஹாரன் அடித்தார், அவர் நிமிரவில்லை. ஐந்து நிமிடம் கழித்து ஒரு கன்னிசாமி காதெல்லாம் சிவந்துபோய்த் தேயிலைச் செடிக்குள் இறங்கித் தேடி எடுத்து வந்தான். குழுவின் கடைசியில் நடக்க ஒரு ஆளை வைத்திருந்தார். பாதையில் தங்கள் குழு தவறவிட்டதைப் பொறுக்குவது அவர் வேலை. 'கடைசிச் சாமி' என்று பெயர், வருடத்துக்கு ஒருவர், கேட்டு வாங்கிக்கொள்கிற வேலையாம். இருமுடியில் குப்பை வைக்கலாகாது என்பதால் அவர் தோளில் தனியாக ஒரு துணிப்பை. சத்திரத்தில் தொடங்கி நிலக்கல்லில் நிற்கும் வேன்வரை அந்தப் பை வரும், அங்கிருந்து ஊருக்கே போய்விடும் என்றார்கள்.

நான் அவரிடம் சாக்கைக் கேட்டேன், எங்களிடம் கொடுத்துவிடுங்கள் என்று. "நீங்க ஏம்மா சுமக்கணும், எங்க வண்டியில எடம் இருக்கு" என்றார்.

இப்படி ஒரு கடைசிச் சாமியை உங்கள் குழுவிலும் வையுங்கள் என்பதுதான் நான் கேட்பது. முடியாத குழுக்கள், வழியில் தேங்கியதை எங்களிடமே கொடுத்துவிட்டுப் போகலாம். கார்த்திகை ஒன்றாம் தேதியிலிருந்து காலை ஏழு மணிக்கு, வண்டிப்பெரியாறில் சத்திரம் ரோடு பிரியும் இடத்தில் பச்சைக் கோட்டோடு நிற்பேன். சோற்றுக் கவரை உதறிவிட்டுக் கொடுங்கள். பாட்டிலை நசுக்கிக் கொடுங்கள். ஊசி இருந்தால் மூடி போட்ட கெட்டி டப்பாவில் தனியாகப் போட்டு, ஊசி என்று வாயால் சொல்லிக் கொடுங்கள்.

சாமி சரணம்.

இப்படிக்கு,
ஒரு மாளிகைப்புறம்,
வண்டிப்பெரியாறு